நேரலையில் பத்தாம் நம்பர்

ஜெரி ஒரு பெயரைச் சொன்ன பிறகுதான் உலகத்தில் ஒரு ஹாக்கிப் பந்து அடிக்கப்பட்டதாக ஆகும். அதற்கு முன்னால் மட்டை பட்டிருக்கலாம், பந்து பறந்திருக்கலாம், யாரோ ஒருவருடைய முழங்கால் பெயர்ந்தும் இருக்கலாம். அவையெல்லாம் வதந்தி.

இந்தக் கொள்கையை வகுத்தவன் ஜெரியேதான். காலடிப்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில், கையில் பன் பட்டர் ஜாமோடு, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் அறிவித்தான்.

"எழிலு, வட மெட்ராஸ்ல ஒரு பேரக்கூட தப்பா சொல்லாத வாயி ஒண்ணே ஒண்ணுதான் கீது. அது இப்போ பன்னு துன்னுகினு கீது."

"வாயில ஜாம் கீது. தொடச்சுக்கோ."

துடைத்துக்கொண்டான். கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. என் சங்கடம் என்னவென்றால், அவன் சொன்னது கிட்டத்தட்ட உண்மை.

நாங்கள் இருவரும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் யூடியூப் சேனலின் பெயர் 'ஒத்தக்கண் ஸ்போர்ட்ஸ்'. படம் பிடிக்க ஒரே ஒரு போன்தான் இருந்தது என்பதால் அந்தப் பெயர். ராயபுரத்து ஜெரி வர்ணனையாளர். வியாசர்பாடி எழிலனாகிய நான் கேமராமேன், இயக்குநர், ஒளிப்பதிவுத் துறைத் தலைவர், பவர்பேங்க் தூக்குகிறவன். வட சென்னைக் கல்லூரிகளின் ஹாக்கி ஆட்டங்களை நேரலையில் காட்டுவது எங்கள் தொழில். தொழில் என்றால் வருமானம் வர வேண்டும் என்பவர்கள் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களும் கல்லூரி ஹாக்கியைக் காட்டத்தான் செய்கிறார்கள். ஆட்டத்தை அல்ல, பரிசளிப்பை. யார் ஜெயித்தது என்பதை யார் யாருக்குச் சால்வை போர்த்துகிறார்கள் என்பதை வைத்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் என்று ஒன்று நடந்ததற்கு அதில் இருக்கும் ஒரே ஆதாரம், பின்வரிசையில் வியர்வையோடு நிற்கும் பிள்ளைகள்.

எங்களிடம் சால்வை கிடையாது, ஆட்டம் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல். கேண்டீன்காரரின் குட்டியானை வண்டியை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, அதன் மேல் நான் நின்று படம் பிடிக்க, ஜெரி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவான். மண் மைதானம். பத்துப் பேர் ஓடினால் புழுதி. பக்கத்துச் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் அந்தப் புழுதிக்கு மேல் இன்னொரு புழுதி. நெட் வேகம் பாவம் என்று இருக்கும். படத்தின் தரத்தைக் குறைத்தால்தான் சுற்றாமல் ஓடும். குறைத்தால் முதலில் காணாமல் போவது முதுகில் இருக்கும் எண். பார்ப்பவர்களுக்கு மஞ்சள் எறும்புகளும் நீல எறும்புகளும் ஒரு பொட்டைத் துரத்துவதுதான் தெரியும். எந்த எறும்பு யார் வீட்டு எறும்பு என்று சொல்ல ஒரு குரல் வேண்டும்.

அந்தக் குரல்தான் ஜெரி. அதற்காக அவன் பயிற்சி ஆட்டங்களுக்கெல்லாம் போய் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எப்படி ஓடுகிறார்கள் என்று மனப்பாடம் செய்வான். புழுதியில் ஆளே தெரியாவிட்டால், "பந்து இப்போது யாரிடம் என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும்" என்று நேரலையிலேயே சொல்லிவிடுவான். வர்ணனையாளன் ஒருவன் தெரியவில்லை என்று சொல்வதைக் கேட்கவே சிலர் எங்கள் சேனலுக்கு வந்தார்கள்.

எதிர்முகாமில் இருந்தவர் முப்பிடாதி சார். பெரிய சேனல், ட்ரோன், கழுத்தில் அடையாள அட்டை. போட்டிக்கு யார் ஸ்பான்சரோ அவருடைய மகன்தான் அவர் வர்ணனையில் எல்லாப் பந்தையும் அடிப்பான். ஒருமுறை அப்படி ஸ்பான்சர் மகன் இரண்டு கோல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நிஜ ஸ்பான்சர் மகன் எங்கள் குட்டியானைக்குப் பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜெரி சும்மா இருப்பானா? கல்லூரி கேண்டீன் வரிசையைப் படம் பிடித்து முப்பிடாதி சார் குரலில் ஒரு வர்ணனை போட்டான். "வடையை அபாரமாக எடுக்கிறார் ஸ்பான்சர் மகன்! இதோ சட்னியை ஊற்றுவதும் ஸ்பான்சர் மகன்! கல்லாவில் அமர்ந்திருப்பதும், நேயர்களே, ஸ்பான்சர் மகன்!" ஆட்டங்களைவிட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு முப்பிடாதி சார் மைக்கை எடுத்தாலே எங்கிருந்தாவது ஒரு குரல் "சட்னி!" என்று கத்தும். மனிதர் இப்போதெல்லாம் மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஜெரிக்கு இல்லை.

"பேரத் திருடுறது பர்ஸ் அடிக்கறதவிட கலீஜு, மாமு. பர்ஸ் போனா வேற வாங்கிக்கலாம்" என்றான்.

இப்படியான புகழோடுதான் நாங்கள் திருவொற்றியூரில் பெண்கள் இறுதி ஆட்டத்துக்குப் போய் இறங்கினோம். எங்கள் கல்லூரிக்கும் மாதவரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கும் ஆட்டம்.

அன்று கோப்பையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. கவலை ஷாலுவைப் பற்றி. எங்கள் அணியின் பத்தாம் நம்பர். நடுவில் ஆடுகிறவள். எங்கள் குடியிருப்பில் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். அப்பா வரதன் வேலை கிடைக்கிற நாளில் லோடுமேன், கிடைக்காத நாளில் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவர். அம்மா கெங்கம்மா ஒப்பந்தத் துப்புரவு வேலை. மாதச் சம்பளம் என்ற ஒன்று அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதே கிடையாது. இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் வந்திருந்தது. ஷாலுவுக்குப் படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அவளைப் பரிசீலிக்கிற அதிகாரி வெளியூரில் இருந்தார். அவர் பயிற்சியாளர் நீலமேகம் சாரிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், அடுத்தவர் போட்ட கோலையெல்லாம் தன்னுடையது என்று அனுப்புகிறார்கள். முழு ஆட்டம், நேரலையில், ஒத்தக்கண் ஸ்போர்ட்ஸில் என்றால் பார்க்கிறேன்.

எங்கள் சேனலின் பெயரை ஓர் அதிகாரி உச்சரித்த செய்தி கேட்டு ஜெரி அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அவருக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஷாலுவுக்கு வீசிங். பின்வாசல் பக்கம் புகைக்கூண்டு, முன்வாசல் பக்கம் லாரி என்று இருக்கிற இடத்தில் அது ஒன்றும் ஆச்சரியமில்லை; எங்கள் மாடியில் ஆளுக்கொரு இருமல் உண்டு. ஆனால் டாக்டர் அவளை மூன்று மாதம் ஓடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் நீலமேகம் சாரிடம் கணுக்காலில் வலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

முதல் பாதியில் அவள் இரண்டு முறை வெளியே வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போனாள். ஜெரி நேர்மையாக இரண்டு முறையும் அதைச் சொன்னான். "பத்தாம் எண் ஷாலு வெளியேறுகிறார்." வர்ணனை என்று வந்துவிட்டால் அவன் செய்தி வாசிப்பாளர் தமிழுக்கு மாறிவிடுவான். மைதானத்தில் ஒலிபெருக்கி கிடையாது. அவன் சொல்வது நேரலை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். எல்லோரும் சாரைச் சுற்றி நிற்க, ஷாலு மட்டும் தண்ணீர் பாட்டிலோடு எங்கள் குட்டியானைப் பக்கம் வந்தாள். சாய்ந்து நின்றாள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது இன்னொரு விசில். ஜெரி மைக்கை அணைத்தான்.

"இன்னாத்துக்கு இப்டி சாவுற? போய் உக்காரு. ஆன்சி பாத்துக்குவா" என்றான்.

"அந்த ஆபீசரு சாருக்கு மெசேஜ் போட்டுகீறாரு. பத்தாம் நம்பர் ஏன் அடிக்கடி வெளிய போவுதுன்னு."

"வீசிங் பம்ப்பு அடிச்சியா?" என்று நான் கேட்டேன்.

"பாத்ரூம்ல போய் அடிச்சேன். இங்க அடிச்சா நீ படம் புடிச்சுகினு கீற." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. "மெடிக்கலுக்கு இன்னும் மாசக்கணக்குல டைம் கீது. அதுக்குள்ள மாத்திர துன்னு சரி பண்ணிக்குவேன். இன்னிக்கு ஒரு நாளு ஓடிட்டா போதும். ஆனா ஓட முடியல ஜெரி."

"அப்போ?"

"நான் சும்மா உள்ள நின்னுகினு இருக்கேன். நீ என் பேர சொல்லிகினே இரு."

ஜெரி அவளை ஒரு புதிய ஜந்துவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "இன்னாது?"

"ரைட்ல ஆன்சி ஆடுறா. அவளும் நானும் ஒரே ஹைட்டு. ஒரே மாதிரி ஜடை. உன் போன்ல அவ மூஞ்சி அவங்க அம்மாவுக்கே தெரியாது. அவ செகண்ட் இயரு, இந்த வேலைக்கு அவ எழுதிப் போடவே இல்ல. அவளுக்கு இன்னா நஷ்டம்?"

"நான் முப்பிடாதி இல்ல."

"தெரியும்" என்றாள். இரண்டு விசில். "அதனாலதான் நீ சொன்னா நம்புவாங்க."

விசில் ஊதினார்கள், இது நடுவருடையது. ஷாலு போனாள். ஜெரி மைக்கின் பஞ்சை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"உதாரு வுட்டுட்டுப் போறா பாரு" என்றான்.

"அது உதாரு இல்ல" என்றேன்.

மூன்றாவது கால்பகுதி முழுக்க அவன் ஒழுங்காகவே இருந்தான். பந்து ஆன்சியிடம் வந்தால் ஆன்சி, முன்வரிசை ஷைனியிடம் போனால் ஷைனி. ஷாலுவிடம் பந்து வரவில்லை. வந்தாலும் அவள் அதை உடனே யாருக்காவது தள்ளிவிட்டாள். அப்போது மட்டும் அவள் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் தெளிவாகச் சொன்னான். அது விதிகளுக்கு உட்பட்டதுதான்.

கடைசிக் கால்பகுதி தொடங்கிச் சிறிது நேரத்தில் ஆன்சி அதைச் செய்தாள். நீலச் சட்டைக்காரி ஒருத்தி நிதானமாகத் தள்ளிக்கொண்டு வந்த பந்தைக் குனிந்து மட்டையைப் படுக்கப் போட்டு எடுத்தாள். எடுத்த வேகத்தில் வலது ஓரமாக ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியின் மட்டைக்கு அடியிலேயே பந்தை விட்டு மறுபக்கம் போய் வாங்கிக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்காமலே கோல் முன்னால் ஒரு அடி. அங்கே ஷைனி நின்றிருந்தாள். மட்டையை வைத்தது மட்டும்தான் அவள் வேலை.

நான் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நீளமான ஓட்டத்தில் ஜெரியின் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில், "ஷைனி, கோல்" என்றான், லாட்டரி முடிவு படிப்பவனைப்போல.

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து மறுபக்கம் பார்த்தேன். எல்லோரும் ஷைனியைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, எதிர் ஓரத்தில் கன்டெய்னர் யார்டு சுவரின் பக்கம் ஷாலு நின்றிருந்தாள். மட்டையை மண்ணில் ஊன்றி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்திருந்தாள். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒற்றைக் கேமரா பந்து இருக்கும் பக்கம்தான் இருக்கும்.

நேரலை என்று பெயரே தவிர, நாங்கள் காட்டுவது பார்ப்பவர்களுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேரும். அந்த அரை நிமிடம் கழிந்தது. ஜெரியின் மடியில் இருந்த இன்னொரு போனில், பார்ப்பவர்களின் கமென்ட் வரும் போனில், முகப்புப் படம் எதுவும் இல்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது.

"பந்தைப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? எண் தெரியவில்லை."

ஒத்தக்கண் ஸ்போர்ட்ஸ் தொடங்கியதிலிருந்து இவ்வளவு சுத்தமான தமிழில் யாரும் கமென்ட் போட்டதில்லை. அந்த அதிகாரிதான். ஜெரி அந்த வரியைப் பார்த்தான். யார்டு சுவரைப் பார்த்தான். அவன் தெரியவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அதுகூடப் பொய்தான். ஆனால் சின்னப் பொய். யாருடையதையும் எடுக்காத பொய்.

"நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "பந்தைக் கொண்டுசென்று கொடுத்தவர் ஷாலு. பத்தாம் எண்."

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. படத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன். எறும்புகள் இன்னும் சின்ன எறும்புகள் ஆயின. யாராவது கேட்டால் பந்தைத் தவறவிடாமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

மறுபடி ஆட்டம் தொடங்குவதற்குள் இன்னொரு கமென்ட் வந்தது. சிலுவையம்மாள், ஆன்சியின் அம்மா. காசிமேட்டில் மீன் விற்பவர். கூடைக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்ப்பார். எப்போதும் இரண்டு கும்பிடும் கைகள் மட்டும் போடுவார். அதற்கு மேல் ஒரு சொல் போட்டதில்லை. ஜெரி குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே கோயில். பூசைக்குப் பிறகு ஜெரியின் கன்னத்தைக் கிள்ளி, "எம் பொண்ணு பேர எவ்ளோ அழகா சொல்ற நைனா" என்று ஒருமுறை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

இப்போது சொற்கள் வந்திருந்தன.

"அது எங்க ஆன்சிதானே தம்பி? ஓட்டம் தெரியிது."

ஜெரியின் கட்டைவிரல் அந்த வரியின் மேல் போய் நின்றது. பிறகு அழுத்தியது. கமென்ட்டை மறைக்க இரண்டே தொடுதல்கள் போதும். அந்த வசதி இருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன். இதுவரை எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

"டேய்" என்றேன்.

அவன் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். "இன்னா?"

"நான் போய் நீலமேகம் சாராண்ட சொல்லிட்டு வரட்டா? அவ நிக்கிற நெல சரியில்ல."

"நீ போனா கேமரா யாரு புடிப்பா?"

"கேமரா கெடக்குது. அவள வெளிய இட்டுகினு வரச் சொல்றேன்."

"வெளிய வந்தா நான் சொன்னது இன்னா ஆவும்? இப்போ இவ்ளோ ஓடினவ, உடனே வெளிய வந்து நெஞ்சப் புடிச்சுகினு உக்காந்தா அந்தாளு இன்னா நெனைப்பாரு?" அவன் குரல் மெலிந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரந்தாண்டா. பேஜாரு பண்ணாத."

"அவ வுழுந்தா யாரு பேர சொல்லுவ?"

அவன் மைக்கை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டான். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளும் போன் ஸ்டாண்டில்தான் இருந்தன. இறங்க முடியாத அளவுக்கு யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

நடுவர் கையைத் தூக்கினார். நீலச் சட்டைக்காரிகள் ஒரு கோல் பின்தங்கிவிட்ட ஆத்திரத்தில் நடுவிலேயே இடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் இருக்க வேண்டியவள் அங்கே இல்லை. அவள் மட்டையிலிருந்து ஒரு கையை எடுத்து, சுவர் பக்கமாகவே இரண்டு அடி நடந்து, மறுபடி நின்றாள். அந்த ஓட்டையை மூட வலது ஓரத்திலிருந்து ஆன்சி குறுக்கே ஓடிவந்தாள். தன் இடத்தையும் பார்த்துக்கொண்டு அடுத்தவள் இடத்தையும் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். குட்டியானையின் மேல் தன் பெயருக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. காதில் விழுகிற தூரத்தில் நாங்கள் இல்லை.

கமென்ட் போனில் அரை நிமிடத்துக்கு முந்தைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஜெரி மிகத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி, பத்தாம் எண் என்று சொல்லி முடித்தான். சிலுவையம்மாள் மறுபடி எதுவும் எழுதவில்லை. படம் இல்லாத கணக்கிலிருந்து 'நன்றி' என்று ஒரு சொல் வந்தது.

ஜெரி அந்தப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான். மைக்கிலிருந்து கையை எடுத்தான்.

மைதானத்தின் நடுவில் இரண்டு மட்டைகள் மோதின. புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து முதலில் பந்து வந்தது, அதன் பின்னால் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆன்சி வந்தாள்.

"ஷாலு" என்றான் ஜெரி.